சம்பந்திக்குத் தைத்த போர்வை

நம்ம ஊரில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பூட்டுவோம். இங்கே மலேசியாவில், ரவாங்கில், ஆள் இருந்தால் பூட்டுகிறார்கள். காலையில் மகள் ஜெயா பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். மாப்பிள்ளை ரயிலைப் பிடிக்க ஓடுவார். ஓடுகிற அவசரத்திலும் வாசல் கிரில் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பூட்டி, பூட்டை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, “வரேன் அத்தை, பத்திரம்” என்பார். உள்ளே பெட்டி பெட்டியாக நகை இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நானும், மாப்பிள்ளையின் அம்மா சூசையம்மாவும்தான் இருக்கிறோம். எங்கள் இரண்டு பேரையும் திருடிக்கொண்டு போக ஒருவன் வந்தால், அவனுக்கு நானே காபி போட்டுக் கொடுப்பேன்.

பூட்டுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சூசையம்மா குவாலா சிலாங்கூர் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டவர். ஆபரேஷன் முடிந்ததும் மகன் இங்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நடைவண்டியைப் பிடித்து நாலு எட்டு வைக்க ஆரம்பித்த உடனே அம்மாள் கதவைத் திறந்துகொண்டு மெயின்ரோடு வரைக்கும் போய், எஸ்டேட்டுக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டிருக்கிறார். அன்று போட்ட பூட்டு. உள்ளே இன்னொரு சாவி இருந்தால் என்னை மிரட்டி வாங்கிவிடுவார் என்று அதையும் தரவில்லை. அவர் தப்பித்துப் போகக் கூடாது என்று போட்ட பூட்டில் நானும் மாட்டிக்கொண்டேன்.

நான் மணப்பாறையிலிருந்து வந்தது ஜெயாவின் பிரசவத்துக்கு. பிள்ளை தலை நின்றதும் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு. இப்போது அது தலை நின்று, நடந்து, என்னையே அதட்டுகிறது. இங்கே தங்குவதற்கான என் பாஸ் முடியப் போகிற ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை இன்னொரு பாஸ் வாங்கிவிடுகிறார். “அம்மாவப் பாத்துக்க அத்தை இருக்காங்களே” என்று ஒருநாள் போனில் யாரிடமோ சொன்னார். வெளியில் தொங்குகிற பூட்டைவிட அந்த வார்த்தை கனமானது. ஊரில் என் ஆடுகள் பக்கத்து வீட்டுக்காரியை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கும். ஜெயாவிடம் சொன்னால் அவள் கண் கலங்குகிறாள், மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்க எனக்கு வாய் வராது. மாப்பிள்ளைக்கு மேலே இந்த வீட்டில் ஓர் ஆள்தான் உண்டு, அவருடைய தாயார். அந்தம்மா ஒரு வார்த்தை சொன்னால் நான் விமானம் ஏறிவிடலாம். ஆனால் அவர் என்னைக் கண்டாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். சரி, ஆபீசில் காரியம் ஆக என்ன செய்வோமோ அதைச் செய்வோம் என்று முடிவெடுத்தேன். கொடுக்கப் பணம் இல்லை. போர்வை தைத்துக் கொடுக்கலாம்.

துணிக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் தலையணை உறை தைத்து விற்கிறவள். காக் என்று கூப்பிட வேண்டும், நம்ம அக்கா மாதிரி. என் மலாய் மூன்று வார்த்தை, அவள் தமிழ் ஒரு வார்த்தை. கிரில் வழியாகக் கையை நீட்டித் துணி, ஊசி, போர்வை எல்லாவற்றையும் அபிநயம் பிடித்துக் காட்டினேன். அவள் நெடுநேரம் யோசித்து, பிளாஸ்டரும் டெட்டாலும் கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் மாதிரிக்கு ஒரு தலையணையைக் காட்டினேன். அப்புறம்தான் வெட்டுத்துணி வந்தது, பை கம்பிக்குள் நுழையாததால் ஒவ்வொன்றாகச் சுருட்டி. பிரித்துப் பார்த்தால் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கான துணி! கண்ணாடி போட்ட பூனை, பொரித்த முட்டை, தீயணைப்பு வண்டி, இவர்கள் லோரி என்கிற லாரி, விமானம், சேவல், பல்லிளிக்கிற டைனோசர், கறுப்பில் மஞ்சள் பொட்டு.

தரையில் அடுக்கிப் பார்த்தேன். திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகள் எல்லாம் ஒரே மைக்கில் அழுவது போல இருந்தது. பூனை முட்டையைப் பார்த்துக் கத்தியது, முட்டை லோரியைப் பார்த்துக் கத்தியது. ஊரில் நான் தைத்த ஒட்டுப் போர்வைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பழைய புடவை, பழைய வேட்டி, துவைத்துத் துவைத்து வெளுத்த துணிகள், எதை எதற்குப் பக்கத்தில் வைத்தாலும் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். புதுத்துணிக்குத்தான் வாய் ஜாஸ்தி.

யாருக்குப் போர்வையோ அவருக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்குவோம் என்று, ஒவ்வொரு துண்டாகச் சூசையம்மா முகத்துக்கு நேரே ஆட்டினேன். பூனைக்கு முகத்தைச் சுளித்தார், அவருடைய கோழிக்குஞ்சுகளைத் தின்ற ஜாதியாம். டைனோசரைப் பார்த்து, எஸ்டேட்டில் கணக்கு எழுதிய கிராணி மாதிரியே இருக்கிறது என்றார். அதைத் தனியே எடுத்து வைத்தேன், கால்மாட்டில் போடலாம். லோரித் துணியைக் கையில் வாங்கிக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். கறுப்பில் மஞ்சள் பொட்டைக் கண்டதும் முதல் தடவையாகச் சிரித்தார்.

“கம்போங் குவாந்தான்ல வெள்ளி குடுத்து டிக்கெட்டு வாங்கி, படகுல ஒக்காந்து, மின்மினி பாக்குறானுங்களே சம்மந்தி, அது எங்க லயத்து வீட்டுக் கக்கூசுக்குப் போற வழியில சும்மா பறந்துச்சு லா.”

ஆள் வழிக்கு வந்துவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் துள்ளல். லோரி நடுவில், சுற்றிலும் மின்மினி, ஓரத்தில் சேவல், தலைமாட்டில் விமானம். விமானம் அவருக்குப் பிடித்ததல்ல, என் விண்ணப்பம். குண்டூசி குத்தி ஒன்று சேர்த்து, நீளம் சரியா என்று பார்க்க, படுத்திருந்த சூசையம்மாவின் மேல் காலிலிருந்து கழுத்து வரைக்கும் விரித்தேன்.

அவர் உடம்பு கட்டையாகிவிட்டது.

“நான் இன்னும் சாவல சம்மந்தி.”

கையில் ஊசியோடு நின்றேன். படுத்துக் கிடக்கிற பொம்பளை. தண்ணீரில் ஒருமுறைகூட நனையாத புதுத்துணி. கொண்டுவந்து போர்த்துகிறவள் சம்பந்தி. எழவு வீட்டில் சம்பந்தி வீட்டார் கோடித்துணி போடுவதை நான் எத்தனை பார்த்திருக்கிறேன், எத்தனை கோடி நானே போட்டிருக்கிறேன். இவர்கள் கடல் தாண்டி வந்து மூன்று தலைமுறை. ஊர்ப் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாது, ஆனால் கோடியை மறக்கவில்லை. ஊரிலிருந்து நேற்று வந்த நான் மறந்துபோனேன். அதற்குப் பிறகு என் கையால் சோறு வாங்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சாயங்காலம் மகன் வந்து ஊட்டினார். என்னவென்று அவர் என்னைக் கேட்டார், நான் தட்டைக் கழுவப் போனேன். விமானம் கைவிட்டுப் போயிற்று.

மறுநாள் பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும் என் பெட்டியைத் திறந்தேன். அடியில் சாம்பல் நிற நூல் புடவை இருந்தது. வரும்போது விமானத்தில் கட்டி வந்தது. போகும்போதும் அதுவே என்று தனியாக மடித்து வைத்திருந்தேன். துவைத்துத் துவைத்துப் பூவாக ஆன துணி. பழசு கலந்தால் கோடி இல்லை. தவிர, புதுத்துணிகளின் வாயை அடைக்கவும் ஒன்று வேண்டியிருந்தது. நடுவே கிழித்தேன். ஒரு பாதியை நீள நீளமான பட்டைகளாக நறுக்கி, லோரிக்கும் சேவலுக்கும் நடுவே ஒன்று, சேவலுக்கும் மின்மினிக்கும் நடுவே ஒன்று என்று வைத்துப் பார்த்தேன். நம்ப மாட்டீர்கள், ஒவ்வொன்றும் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுபோல அடங்கிவிட்டது.

கிழிகிற சத்தத்துக்குச் சூசையம்மா திரும்பியிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் இருக்கும் பையை எடுக்கச் சொன்னார். அதிலிருந்து, காட்டு வேலைக்குப் போகும்போது புடவை மேல் போட்டுக்கொள்கிற முழுக்கைச் சட்டை ஒன்றை உருவினார். நீலமாக இருந்திருக்க வேண்டும். மருந்து தெளித்துத் தெளித்து எந்த நிறமும் இல்லாமல் போயிருந்தது.

“இதயும் வெட்டு. லோரிப் பக்கத்துல வை.”

அப்புறம் சோறு கேட்டார். நான் பிசைந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டு, தட்டைப் பார்த்தபடியே, “இதெல்லாம் எதுக்குத் தைக்கிற? நான் சொன்னா பையன் ஒன்ன அனுப்புவான்னுதான?” என்றார்.

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். “ஆமா சம்பந்தி” என்று வந்துவிட்டது.

“அவன் எம்பேச்ச கேப்பான்னா, நான் இங்கயா கெடப்பேன்?”

நான் பார்த்துப் பார்த்துக் கவனித்த அதிகாரிக்குக் கையெழுத்துப் போடுகிற உரிமையே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வந்ததைப் பார்த்து அவருக்கும் வந்தது. இடுப்பு வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று என்னைத் திட்டினார்.

ஆனாலும் கேட்டுப் பார்த்தார். அன்று மகன் வந்து செருப்பைக் கழற்றும்போதே, “அவங்கள ஊருக்கு அனுப்பு. என்னைய எஸ்டேட்டுல விடு” என்றார். மாப்பிள்ளை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பாதி தைத்த போர்வையைத் தடவிப் பார்த்து, ரொம்ப அழகாக இருக்கிறது அத்தை என்றார். எஸ்டேட் லயத்தில் இப்போது யாரோ இருக்கிறார்கள், பாதி வீட்டுக்குக் கூரையே இல்லை என்று அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார். என்னிடம், “கிறிஸ்மஸ் முடியட்டும், பாக்கலாம் அத்தை” என்றார். நல்ல பிள்ளை. அதுதான் கஷ்டம். என் பாஸ்போர்ட்டில் இன்னொரு பாஸ் ஏறிவிட்டது.

மீதிப் பாதிப் புடவையை என்ன செய்வது? பாதிப் புடவை கட்டிக்கொண்டு திருச்சி விமான நிலையத்தில் இறங்க முடியாது. அதையே போர்வைக்கு அடித்துணியாக வைத்துத் தைத்து முடித்தேன். நேற்று துவைத்து, வேறு இடம் இல்லாததால் உள்ளிருந்தே கிரில் கதவில் காயப் போட்டேன். படம் போட்ட பக்கம் தெருவைப் பார்த்து இருந்தது. காக் அவள் வீட்டு வாசலில் நின்று லோரியைக் காட்டினாள், சேவலைக் காட்டினாள், கட்டை விரலை உயர்த்தினாள். விமானத்தையும் அவள்தான் பார்த்திருப்பாள். உள்ளே எங்களுக்குத் தெரிந்தது சாம்பல் நிறம் மட்டும். வெயில் அதன் வழியாக வந்தபோது, அந்தப் பக்கத்துப் பட்டைகளும் கம்பிகளும் ஒன்றாக நிழல் விழுந்து, எது என் புடவை, எது கதவு என்று பிரிக்க முடியவில்லை. சூசையம்மா நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டுப் பார்த்தேன். எங்கள் பக்கம் இன்னும் ஈரம்.