ஓர் ‘எஹே’வுக்காகச் சித்தூர் போய் வந்தது

எங்கள் வீட்டைத் தெலுங்கு வீடு என்று எழுதிவிட்டார்கள். யாரும் வாசலுக்கு வந்து கேட்கவில்லை. கணக்கெடுக்க வந்தவர் வரப்பில் நின்றார், என் தந்தை மாட்டை அதட்டுவதைக் கேட்டார், எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆந்திர மாநிலம் உண்டாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறியாக இருந்த வருடங்கள் அவை. எந்த மொழி வீடு அதிகமோ அந்தப் பக்கம் ஊர் போகும் என்று சொன்னார்கள். எழுதியதைத் திருத்தத்தான் நானும் தந்தையும் புத்தூரிலிருந்து சித்தூருக்குக் கிளம்பினோம். பழைய பதிவேடு தேடி இன்று அதே வழியில் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காலை ஆறு மணி பஸ். சுமார் நாற்பது மைல், ஆளுக்கு ஒன்றேகால் ரூபாய். கார்வேட்டிநகரத்தில் கால் மணி நேரம் நின்றது. (இப்போது நிற்கிறதா, தெரியாது.) ஒன்பதரைக்குச் சித்தூர். பதிவேட்டு அலுவலகத்தில் குமாஸ்தா வந்தது பதினொன்றுக்கு. நன்றாகத் தமிழ் பேசினார்.

“ஏமய்யா, ‘எஹே’ன்னு கத்தினியாமே. அது தெலுங்குதானே?”

“ஏர்பேட்டுல வாங்கின மாடு சாமி. அதுங்களுக்கு அதான் தெரியும்.”

பொய்யில்லை. மாடு வாங்கும்போது அதன் அதட்டலையும் விற்றவனிடம் கேட்டுக்கொண்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம்.

“சரி, ‘எஹே’க்குத் தமிழ்ல என்ன?”

தந்தை யோசித்தார். நானும் யோசித்தேன். ‘சீ’ இல்லை. ‘அட’ இல்லை. ‘போதும்டா’ கிட்டே வருகிறது, ஆனால் அதில் கோபம் அதிகம். எஹேயில் கோபம் பாதி, சலிப்பு பாதி, மேலே கொஞ்சம் செல்லம். இன்றுவரை எனக்கு அகப்படவில்லை.

வெளியே ஒரு மாட்டு வண்டி நின்றது. “அதைத் தமிழ்ல ஓட்டு, பார்க்கலாம்” என்றார் குமாஸ்தா. தந்தை ஏறினார். “ஹை, போடா கண்ணு.” மாடுகள் அசைபோட்டன. வண்டிக்காரர் சிரித்தார்: “வாட்டிக்கி அரவம் ராது.” அதுகளுக்குத் தமிழ் வராதாம். தந்தை பல்லைக் கடித்துக்கொண்டு “எஹே” என்றார். வண்டி நகர்ந்தது.

“பாத்தியா?” என்றார் குமாஸ்தா.

“பாத்தேன் சாமி. மாட்டைத் தெலுங்குன்னு எழுதிக்கோ. என்னைத் தமிழுன்னு எழுது.”

அவர் எழுதவில்லை. புத்தூர் பஸ் போய்விட்டதால் திருப்பதி போய் ரயிலில் திரும்பினோம். ரேணிகுண்டா தாண்டியதும் தந்தை கேட்டார்: “ஏன்டா, தூக்கத்துல நான் எதுல பேசிக்கினு இருக்கேன்?”

அவர் தூக்கத்தில் முதலில் ‘எஹே’ என்பார், பிறகு தமிழில் திட்டுவார்.

“தமிழ்ல நைனா” என்றேன்.

ஊர் கடைசியில் ஆந்திரப் பக்கமே நின்றுவிட்டது. ஆனாலும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. பதிவேடு வைத்திருக்கும் அலுவலகம் அதைக் கேட்கிறவருக்குக் காட்ட வேண்டும். கணக்கெடுப்பவர் வரப்பில் நிற்காமல் வாசலுக்கு வந்து கேட்க வேண்டும். போகிறவர்கள் பதினொன்றுக்கு முன் போக வேண்டாம். எழுத்தில் மனு கொண்டு போங்கள், நாங்கள் கொண்டு போகவில்லை. எஹேவுக்குத் தமிழ் தெரிந்தவர் எனக்கு எழுத வேண்டும். ரயிலில் நான் சொன்ன பதிலை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.