உவமைக்குக் கால் மதிப்பெண்

உயென் அக்காவை நல்ல ஆசிரியை என்று சொல்ல நான் தயங்குவேன். பொறுமையில்லாதவர். வியட்நாமின் நாம் தின் நகரில் இருபத்தாறு ஆண்டுகளாக ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கியம் நடத்துகிறார். அதில் பாதி நாள் பல்லைக் கடித்தபடிதான். ஆனால் சென்ற ஜூன் மாதம் விடைத்தாள் திருத்தும் அறையில் அவர் செய்ததை எழுதி வைக்கலாம்.

பத்தாம் வகுப்பு நுழைவுத் தேர்வு. தாய் நோயில் விழுந்ததும் படகோட்டத் தொடங்கும் சிறுமியின் கதைப் பகுதியைக் கொடுத்து, அவள் முதிர்வதை எழுத்து உத்திகள் எப்படிக் காட்டுகின்றன என்று கேட்டிருந்தார்கள். இரண்டு மதிப்பெண். விடைக்குறிப்பில் உவமைக்குக் கால், அதன் பயனுக்குக் கால் என்று துண்டு துண்டாகப் பிரித்திருந்தது. ஒவ்வொரு தாளையும் இருவர் தனித்தனியே திருத்தி, பிறகு ஒரே மதிப்பெண்ணுக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்திட வேண்டும். அக்காவுக்கு இணை நான்.

காலை முழுக்க ஒரே வாக்கியம்: “இவ்வுத்தி காட்சியைத் துலக்கி உணர்ச்சியைப் பெருக்குகிறது.”

“தியெப், இது முப்பத்தெட்டாவது,” என்றார் அக்கா என்னிடம். “படகும் இல்ல, பொண்ணும் இல்ல. எந்தக் கதைக்கு வேணும்னாலும் ஒட்டிக்கலாம்.”

அந்த வாக்கியமே அவருடையது. எங்கள் பிள்ளைகள் மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்துதான் தேர்வெழுதுவார்கள். அக்கா தன் வகுப்புக்கு எழுதிக் கொடுத்தவை நகலெடுக்கப்பட்டு மாகாணம் முழுக்கப் போயிருந்தன.

பிறகு ஒரு தாள் வந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும். “முதலில் அவள் எல்லாவற்றையும் ஒப்பிடுகிறாள். ஆறு அம்மாவின் கூந்தல் போல, படகு வாத்து போல. அம்மா ரத்தம் துப்பிய பிறகு ஓர் உவமைகூட இல்லை. தண்ணீர் குளிர்ந்தது, துடுப்புப் போட்டேன் என்கிறாள். அங்கேதான் அவள் வளர்ந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.”

நான் அரை போட்டிருந்தேன். அக்கா இரண்டு.

“குறிப்புல இல்லாததுக்கு எப்படிக்கா போடறது?”

“உவமை நின்னுபோனதை அந்தப் புள்ள பாத்திருக்கு. நீயும் நானும் பாத்தமா?”

“பாக்கல. அதுக்காக?”

“அரைக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

நல்ல பள்ளியில் இடம் கிடைப்பதும் போவதும் அந்த ஒன்றரை மதிப்பெண்ணில்தான். தாள் தலைமைத் திருத்துநர் லாமிடம் போனது.

“காலைலேருந்து கிளிப்பிள்ளைன்னு திட்டிட்டிருக்கியே உயென், அதுங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரும்மா?”

அறையே சிரித்தது. அக்காவின் காது சிவந்தது.

“நான்தான் அண்ணா. இந்த ஒண்ணு என் கட்டுரையைப் படிக்கல. என்னால கெடாத புள்ளயை நீங்களாவது விட்டு வைங்க.”

லாம் தாளை இரண்டு முறை படித்தார். நெடுநேரம் காதைச் சொறிந்தார். ஒன்றே முக்கால் என்று எழுதினார்.

“மிச்சக் கால்?”

“காட்சியைத் துலக்கின்னு எழுதலையே. அதுக்குத்தான் குறிப்புல மார்க் இருக்கு.”

அக்கா கையெழுத்திட்டு, அடுத்த தாளை இழுத்தார். இரண்டாம் வரியிலேயே அந்த வாக்கியம். குறிப்பின்படி அதற்குக் கால் உண்டு. போட்டார். பேனா முனை அடுத்த பக்கம்வரை பதிந்திருந்தது.