வெறும் கன்னம்

கடை திறப்பதற்கு முன், மாடிப்படிக்குக் கீழே இருந்த குழாயில் அவள் முகம் கழுவுவாள். சோப்பு போடமாட்டாள், வெறும் தண்ணீர்தான். துடைத்துக்கொண்டு தன் கவுண்டருக்குப் போய், கண்ணாடி முன் நின்று, நேர்வகிடு எடுத்து முடியை இரண்டாகப் பிரிப்பாள். அதன்பிறகு நடப்பதெல்லாம் இடது பக்கத்துக்கு மட்டும். இடது பக்க முடிக்குச் சீரம், இடது கன்னத்துக்குக் கிரீம், இடது கண்ணுக்குக் கீழே ஜெல். உதட்டுச் சாயம்கூட நடுவோடு நின்றுவிடும். வலது பக்கம் கழுவியது கழுவியபடி இருக்கும்.

இடது பக்கத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தெருப்பக்கக் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம், அவள் நிற்கும் இடத்தில் இடது கன்னத்தின் மேல்தான் விழும்.

யாராவது வந்து நின்றால் முதலில் வலது பக்கத்தைக் காட்டுவாள்.

"இது வெறும் கன்னம்மா. கழுவினதோட சரி."

பிறகு மெல்லத் திரும்புவாள்.

"இது நம்ம சரக்கு போட்டது. நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தவர்கள் பெரும்பாலும் வாங்கினார்கள். அழகுப் பொருள்கள் விற்கும் எங்கள் கடையில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. எல்லாருக்கும் அவள் பாதியக்கா. முதலாளிக்கும் அதே பெயர்தான்.

வலது பக்கத்தில் எதுவும் படக்கூடாது என்பதில் அவள் கறாராக இருந்தாள். வீட்டிலும் பவுடர் பூசமாட்டாள். வெளியே கிளம்பும்போது மகள் வற்புறுத்தினாலும், "தொழில்ல பொய் கலக்கக் கூடாதுடி" என்று தள்ளிவிடுவாள். டயர் கடையில் வேலை பார்த்த அவள் கணவர் கிண்டல் செய்யாமல் விடமாட்டார்.

"சினிமாவுக்குப் போனா நான் எந்தப் பக்கம் உட்காரட்டும்? கடைப் பக்கமா, வீட்டுப் பக்கமா?"

"உங்களுக்கு ரெண்டுமே அதிகம். பின்னாடி சீட்ல உட்காருங்க."

அந்தக் கிரீம் வந்தது ஒரு கோடைக்காலத்தில். சின்னஞ்சிறு டப்பா, முத்து நிற மூடி. மூடியில் பெயர் இருந்தது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று டப்பாவிலும் இல்லை, அட்டையிலும் இல்லை. கம்பெனிக்காரர் பெட்டியோடு வந்து அவள் கவுண்டரில் வைத்தார்.

"ஒரு வாரம் போட்டுப் பாருங்கக்கா. அப்புறம் நீங்களே என்னைத் தேடி போன் பண்ணுவீங்க."

ஒரு வாரத்தில் அவள் இடது கன்னம் உரித்த பாதாம் பருப்பு மாதிரி ஆனது. அதற்கு முன் எந்தச் சரக்கும் அப்படி வேலை செய்ததில்லை. பக்கத்துக் கவுண்டரில் நகச்சாயம் விற்ற பெண் வாய்விட்டே சொன்னாள்.

"அக்கா, அந்தப் பக்கம் உங்களுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கு."

டப்பாக்கள் வந்த வேகத்தில் போயின.

கடை விடுமுறை நாளில் கிரீம் போடாமல் இருந்தால் கன்னம் எரியும், சிவக்கும். மறுநாள் கடைக்கு வந்து போட்டதும் அடங்கிவிடும். போட்டால் அடங்குகிறதே என்பதையே அவள் கிரீமின் பெருமையாக எடுத்துக்கொண்டாள். கேட்டவர்களிடமும் அப்படியே சொன்னாள். வருடம் முடிவதற்குள் போட்டாலும் எரிந்தது. தோல் மெலிந்து உள்ளே இருந்த மெல்லிய சிவப்பு நரம்புகள் வெளியே தெரிந்தன. பரு கிளம்பியது. கன்ன எலும்பின் மேல் கரும்படை விழுந்தது. அதை மறைக்க வேறு கிரீம், அதன் மேல் இன்னொன்று என்று இழுப்பறையில் இருந்த மாதிரிச் சரக்கு அத்தனையையும் அந்த ஒரு கன்னத்தில் போட்டுப் பார்த்தாள்.

தோல் டாக்டர் அவள் கன்னத்தைப் பார்த்தார், டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும். இன்னைக்கே நிறுத்துங்க. நிறுத்தினா முதல்ல இன்னும் மோசமாகும். பயந்துபோய் மறுபடி போட்டுடாதீங்க. மாசக்கணக்குல பொறுமை வேணும்."

"அதுவரைக்கும் நான் எப்படி டாக்டர் கவுண்டர்ல நிக்கிறது?"

"லீவ் போடுங்க."

லீவு போட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள் என்பது அவளுக்குத் தெரியும். கிரீமை நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தாள். டாக்டர் சொன்னபடியே கன்னம் பழுத்துப் புண்ணாயிற்று. முதலாளி ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"முகத்தைக் காட்டி விக்கிற இடம்மா இது. இந்த முகத்தோட எப்படி? கீழே பேக்கிங்ல ஆள் வேணும். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்."

பேக்கிங் என்பது கடைக்கு அடியில் ஒரு நிலவறை. ஜன்னல் கிடையாது. காலையிலிருந்து அட்டைப்பெட்டி மடிக்கும் ஓசையும் டேப் கிழிக்கும் ஓசையும்தான். சம்பளமும் குறைவு. மேலே இருந்து அங்கே போனவர்கள் யாரும் திரும்பி மேலே வந்ததில்லை. நாள் முழுக்க நாலு பேரிடம் பேசியே வாழ்ந்தவள் பாதியக்கா.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. கையில் ஹெல்மெட்டோடு ஒரு அம்மாள் அவசரமாக வந்தார். பாதியக்கா வாயைத் திறக்கும் முன்பே இடது கன்னத்தைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு வலது கன்னத்தைப் பார்த்துவிட்டு, இடது பக்கம் விரலை நீட்டினார்.

"இதுதான் போடாத பக்கமா? ஐயோ பாவம். அது போட்ட பக்கமா? அடேங்கப்பா! எவ்வளவு வித்தியாசம்!"

கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா" என்றாள் பாதியக்கா.

அந்த அம்மாள் மூன்று டப்பா வாங்கிப் போனார்.

மறுநாளிலிருந்து அவள் முடியையும் பக்கம் மாற்ற வேண்டியதாயிற்று. சீரம் வலது பக்கத்துக்குப் போனது. இடது பக்கம் சுருண்டு பறந்தது. வலது கன்னத்தில் அப்போதும் அவள் எதையும் தடவவில்லை. அவள் பிறந்ததிலிருந்து இருந்த கன்னம் அது. அதைத்தான் கிரீம் போட்ட கன்னம் என்று காட்டினாள். விற்பனை முன்னைவிட ஏறியது. கம்பெனிக்காரர் கேமராவோடு வந்தார். இரண்டு கன்னங்களையும் தனித்தனியாகப் படம் எடுத்து, இடதுக்குக் கீழே 'முன்' என்றும் வலதுக்குக் கீழே 'பின்' என்றும் அச்சடித்து, அவள் தலைக்குப் பின்னாலேயே மாட்டினார். நிலவறைப் பேச்சு நின்றுபோனது.

வீட்டில் அவள் டாக்டர் கொடுத்த மருந்தை மட்டும் ஒழுங்காகப் போட்டுவந்தாள். மாதங்கள் ஓடின. எரிச்சல் அடங்கியது, பரு வற்றியது, படை மங்கியது. ஒருநாள் மகள் இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா, ரெண்டும் ஒண்ணாயிடுச்சும்மா!"

கணவர் எட்டிப் பார்த்தார்.

"அப்பாடா. இனிமே நான் எந்தப் பக்கம் வேணும்னாலும் உட்காரலாம்."

அன்று அவள் சிரித்தது வெகுநாளைக்குப் பிறகு. சிரித்து முடிக்கும் முன்பே கடை நினைவுக்கு வந்துவிட்டதாகப் பின்னால் சொன்னாள்.

கடையில் அது எல்லார் கண்ணிலும் பட்டது. கம்பெனிக்காரர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னக்கா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு? படத்தைப் பார்த்துட்டு வர்றவங்களுக்கு என்னத்தக் காட்டுவீங்க?"

"நல்லாயிடுச்சுன்னு சந்தோஷப்படக் கூடாதா தம்பி?"

"எனக்குச் சந்தோஷம்தான். சரக்கு நகரணுமே."

முதலாளி, "கீழே இன்னும் ஆள் கிடைக்கலம்மா. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்" என்றார். மாசக் கடைசி என்று போன தடவையும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். கல்லூரிக்குப் போகும் வயது, துப்பட்டாவால் வாயையும் கன்னங்களையும் சுற்றியிருந்தாள். கவுண்டர் முன் வந்ததும் அவிழ்த்தாள். இரண்டு கன்னங்களிலும் அதே சிவப்பு நரம்புகள், அதே கரும்படை. பாதியக்கா தன் பழைய கன்னத்தை இரண்டாகப் பார்த்தாள்.

"அக்கா, உங்ககிட்டதான் வாங்கினேன். முதல்ல நல்லா இருந்துச்சு. இப்போ ஒரு நாள் விட்டாலே எரியுது. உங்களுக்கு இந்த வலது பக்கம் இப்படி ஆக எத்தனை நாள் ஆச்சு?"

பாதியக்கா கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு இது முதல்லேருந்தே இப்படித்தாம்மா."

அவளால் சொல்ல முடிந்த உண்மை அவ்வளவுதான். அந்தப் பெண் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு உடனே புடிச்சிடுச்சா? அப்போ என் தோல்தான் சரியில்ல போல."

துப்பட்டாவை மறுபடி சுற்றிக்கொண்டு இன்னொரு டப்பா கேட்டாள். பாதியக்கா எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்; கூப்பிடவில்லை. நகச்சாயக்காரி, "என்னக்கா, முகம் செத்துப்போச்சு?" என்றாள்.

"எந்தப் பாதி?" என்றாள் பாதியக்கா.

அன்று வீட்டுக்குப் போகும்போது இழுப்பறையிலிருந்து ஒரு டப்பாவைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். போட்டு நிறுத்தினால்தான் சிவக்கும் என்பது அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். காலையும் மாலையும் இடது கன்னத்தில் மட்டும் தடவினாள். மகள் கேட்டபோது டாக்டர் கொடுத்த புது மருந்து என்றாள். மாதக் கடைசி நெருங்கியதும் நிறுத்தினாள். ஏற்கெனவே வெந்திருந்த தோல் இந்த முறை அதிகம் தாமதிக்கவில்லை.

மாத முதல் நாள் காலையில் அவள் மாடிப்படிக் குழாயில் முகம் கழுவினாள். தண்ணீர் பட்டதும் இடது பக்கத்தை இழுத்துக்கொண்டாள். துடைக்காமல், காயும்வரை கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே நின்றாள். மேலே வந்தபோது முதலாளி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கல்லாவைத் திறந்தார். நிலவறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் வந்தவர்கள் ஒரு தாயும் மகளும். பாதியக்கா தன் இடத்தில் நின்று இடது பக்கம் தெரியும்படி திரும்பினாள். தெருவிலிருந்து வந்த வெளிச்சம் அதன் மேல் நன்றாக விழுந்தது.

"இது வெறும் கன்னம்மா" என்றாள். "கழுவினதோட சரி."