மாடி அறையில் சாமந்தி

கடற்கரையை ஒட்டிய அந்த விடுதியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பின்கட்டில் துணி துவைப்பது. நான் குருசுக்குப்பத்து மீனவப் பெண். எவ்வளவு தேய்த்துக் குளித்துவிட்டுப் போனாலும், மாடி அறைகளுக்குப் பொறுப்பான அக்கா என்னைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "மீன் கவுச்சியெல்லாம் மாடி ஏறக் கூடாது" என்பாள். மாடிக்காரிகளுக்கு வெள்ளைச் சேலை, நிழலில் வேலை, 'வாம்மா' என்று ஒரு மரியாதை. ஏறியே தீருவது என்று கறுவிக்கொண்டேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம் மாடியில் வேலையாள் குறைந்தது. விடுதிக்காரி மதாம் அக்காவிடம், "இவளுக்கு ஒரு மாசம் பழக்கு. தேறினால் மாடியிலேயே இருக்கட்டும்" என்றாள். விரிப்பின் மூலையை மடித்துச் செருகுவதிலிருந்து கண்ணாடிக் கூஜா துடைப்பது வரை கற்றுக்கொண்டேன். கடைசி நாள் பரீட்சை. காய்ச்சலில் கிடந்து எழுந்த வெள்ளைக்கார நீதிபதியும் மனைவியும் வருகிறார்கள், அறையை நான் ஒருத்தியே தயார் செய்ய வேண்டும்.

கடைத்தெருவுக்கு ஓடி, நல்ல மஞ்சள் சாமந்தியாகப் பொறுக்கி வந்து தலைமாட்டில் ஜாடி நிறைய வைத்தேன். அக்கா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். சிரித்தாள். மெச்சுகிறாள் என்று நினைத்தேனே, மக்கு!

நீதிபதியின் மனைவி உள்ளே வந்ததும் வீலென்று கத்தினாள். அவர் முகம் வெளுத்தது. மதாம் ஓடிவந்து பூவை அள்ளி ஜன்னல் வழியே வீசினாள். அவர்கள் ஊரில் சாமந்தி கல்லறைக்கு வைக்கிற பூவாம்.

"தெரிஞ்சும் ஏங்க்கா சொல்லல?" என்று படியில் மறித்துக் கேட்டேன்.

"நீ கேக்கலியேடி."

மறுபடி துவைக்கிற கல். மூன்று வருஷம். ஒவ்வொரு விரிப்பை அடிக்கும்போதும் அவள் முதுகைத்தான் நினைத்துக்கொள்வேன்.

பிறகு வெள்ளைக்காரர் வரவு குறைந்து, மெட்ராஸ் அதிகாரிகள் வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஓர் அதிகாரி தன் தாயாரோடு வருவதாகச் சேதி. கை போதாமல் மதாம் என்னை மாடிக்கு அனுப்பினாள். அக்கா, காற்று வரட்டும் என்று கட்டிலை வடக்கு ஜன்னலடிக்குத் தள்ளச் சொன்னாள். தலையணையும் அந்தப் பக்கமே. சின்ன வயதிலிருந்து கன்னியர் மடத்தில் வளர்ந்தவள், வடக்கே தலை வைக்கக் கூடாது என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எனக்குத் தெரியும். கட்டிலின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கியதே நான்தான். தலையணையைத் தட்டி உப்ப வைத்தேன்.

"ஐயையோ, வடக்க தலையா! என்னை அனுப்பி வெக்கவே பாக்குறீங்களா?" என்று கிழவி போட்ட கூச்சலில் தெருவே நின்றது. காபி ஆறுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

"கட்டிலை யார் போடச் சொன்னது?" என்றாள் மதாம். மற்றவர்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

மறுநாள் எனக்கு வெள்ளைச் சேலை, அவளுக்குத் துவைக்கிற கல். அழுக்கு விரிப்புகளைக் கொண்டுபோய் அவள் முன்னால் போட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"பாவி, உனக்குத் தெரியுமில்ல? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"நீ கேக்கலியேக்கா" என்றேன்.