அண்ணன் ஏன் திரும்பி வரவில்லை?

கதைக்குள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று பெரிய மனுஷர்களை உட்கார வைத்துக் கேட்பதுதான் என் வேலை.

தேனிக்கு வெளியே, குடியை நிறுத்த வருகிறவர்கள் ஒன்றரை மாதம் தங்கியிருக்கும் மையம் ஒன்றில் நான் கவுன்சிலர். மதியம் மூன்றிலிருந்து நாலு வரை கதை நேரம். ஒரு கதையைப் படிப்பேன், இல்லையென்றால் படம் போடுவோம். பிறகு அதைப் பற்றிப் பேச்சு. உன்னைப் பற்றிச் சொல் என்றால் வாயைத் திறக்காத ஆள்கூட, கதையில் வருகிறவனைப் பற்றி என்றால் பேசிவிடுவார் என்பது நம்பிக்கை. நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். அதனால் இந்த ஒரு மணி நேரம் என் தலையில் விழுந்தது. எல்லோருக்கும் நான் டீச்சர்.

படம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், "இதுல டைரக்டர் என்ன சொல்ல வர்றாருன்னா" என்று ஆரம்பித்து, கூட வந்தவர்கள் டீக்கடைப் பக்கம் நழுவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவரா நீங்கள்? அப்படியானால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பாம்பு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பழைய கதையோடு போனேன். வெள்ளம் வருகிறது. ஒரு விவசாயி மரத்தில் ஏறித் தப்பிக்கிறான். அதே மரத்தில் ஒரு பாம்பும் ஏறியிருக்கிறது. இரண்டு நாள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். தண்ணீர் வடிந்ததும் விவசாயி இறங்கி முதல் வேலையாகப் பாம்பை அடித்துக் கொன்றுவிடுகிறான்.

முந்தின நாளே ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். வெள்ளம் துன்பம், மரம் குடும்பம், பாம்பு குடி. ஒன்றொன்றாக அவர்கள் வாயாலேயே வர வைக்க வேண்டும் என்பது என் திட்டம். "பாம்பு எதைக் குறிக்குது?" என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது, கம்பத்துப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ராசாங்கம் என்மேல் இரக்கப்பட்டு எழுந்து நின்றார்.

"பாம்பு பாம்புதான் டீச்சர். எங்க பந்தலுக்கு அடியில தெனமும் பாக்குறோம். அது எதையும் குறிக்காது, கடிக்கும்."

வெள்ளைச் சட்டை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போட்டோம். காதல் தோற்றுப்போன கதாநாயகன் குடித்துக்கொண்டே பாடுகிறான். ஹாலில் முக்கால்வாசிப் பேர் கூடவே முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாட்டின் நடுவில் காற்றில் ஒரு விளக்கு அணைகிறது. நான் அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டேன். அது ஏன் அணைகிறது, அது அவனுடைய எதைக் காட்டுகிறது என்று.

தேனி பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் தேவசகாயம் மெதுவாகக் கையைத் தூக்கினார். வந்து இருபது நாளில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "விளக்கு கிடக்கட்டும் டீச்சர். இம்புட்டுக் குடிக்கிறான், ஒரு வாந்தி எடுக்கலையே? பாட்டு முடியிற வரைக்கும் சட்டை வெள்ளையாவே இருக்கு" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்தச் சட்டையை மறுநாள் யாரு தொவைச்சாகன்னு படத்துல காட்டலை. எங்க வீட்டுல எங்க அம்மா தொவைக்கிறாக. எம்பத்தோரு வயசு."

கேட் சத்தம்

சாயங்காலம் ஏழு மணிக்கு ஹாலில் சீரியல் உண்டு. மாமியார், மருமகள், பறிபோகும் சொத்து என்று போகும். அதில் ஒளிந்திருக்கும் அர்த்தம் என்று எதையும் நான் எதிர்பார்த்ததில்லை. ஆனால் போடியிலிருந்து வந்த டைலர் சுந்தரம் அதைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார் என்று எங்கள் வார்டு பொறுப்பாளர் செல்வராஜ் அண்ணன் மறுநாள் சொன்னார். செல்வராஜ் அண்ணனும் ஒரு காலத்தில் இங்கே படுத்திருந்தவர்தான். அழுகிறவனைக் கேள்வி கேட்கக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும் என்பார்.

மதியம் சுந்தரமே சொன்னார். முந்தின நாள் சீரியலில் மருமகள் வீட்டை விட்டுப் போனாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். சுந்தரம் பார்த்தது, பின்னால் மங்கலாகத் தெரிந்த சின்னப் பெண்ணை. வெளியே அப்பா கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்கிறது. அந்தப் பெண் ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு உள்ளறைக்குப் போகிறது. வசனம் கிடையாது. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் மருமகளைத்தான் பார்த்திருப்பேன்.

"எம் பொண்ணு சங்கோஜப்படுற பிள்ளை, அதான் உள்ள போயிருதுன்னு இத்தனை வருசம் நெனைச்சேன். கேட் சத்தத்துக்குத்தான் போயிருக்கு டீச்சர்."

சுந்தரம் கேட்ட கேள்வி

தைக்கிறவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒரு நாள் எல்லோரும் எழுந்து போன பிறகு சுந்தரம் நின்றார். "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீகளே?" என்றார். கேளுங்கள் என்றேன். "நீங்க இந்த மாசம் படிச்ச கதையில எல்லாம் யாராச்சும் ஒருத்தர் வீட்டை விட்டுப் போறாக. திரும்பி வரமாட்டேங்கறாக. உங்க வீட்டுல போனது யாரு?"

நான் கையிலிருந்த தாள்களை அடுக்கினேன். அடுக்கி முடித்தவற்றைக் கலைத்து மறுபடியும் அடுக்கினேன். அப்படியெல்லாம் யாரும் இல்லை, கைக்குக் கிடைத்த கதைகளைப் படிக்கிறேன் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

"சரிங்க டீச்சர். நானும் இங்கன வந்த முதல் வாரம் எனக்கு ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னேன்."

ஓடம்

இனிச் சொல்லப்போவது நான் செய்த தப்பு.

அன்று படித்த கதை இது. ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது. ஓடம் சின்னது. அண்ணன் தம்பியை இக்கரையில் நிறுத்தி, "இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, அம்மாவை முதலில் அக்கரைக்குக் கொண்டுபோகிறான். பிறகு அவன் திரும்பவில்லை. தம்பியை வெள்ளம் கொண்டுபோகிறது. ஏன் திரும்பவில்லை என்று கதையில் எங்கேயும் இல்லை.

ஓடம் உடைந்திருக்கும் என்றார் ஒருவர். அம்மா கையைப் பிடித்து நிறுத்தியிருப்பாள் என்றார் இன்னொருவர். எனக்கு எதுவும் போதவில்லை. "அண்ணன் அழுததாக ஒரு வரி இருக்கா? இல்லை. தம்பி போனால் போகட்டும்னு அவன் மனசுக்கு அடியில ஒரு ஆசை இருந்திருக்கு. எழுதினவர் அதைத்தான் மறைச்சு வச்சிருக்கார்" என்று அடித்துச் சொன்னேன். சொன்னபோது எனக்கு என்னவோ பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவது வரிசையில் இருந்த முருகேசன் எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தி நேராக வைத்துவிட்டு வெளியே போனார். மறுநாள் காலை கையெழுத்துப் போட்டுவிட்டு மையத்தை விட்டே போய்விட்டார். வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

அவருடைய ஃபைலில் ஜீப் டிரைவர், சொந்த ஊர் கோம்பை, இப்போது மனைவியின் ஊரான வருசநாட்டில் குடியிருப்பு என்பதற்கு மேல் எதுவும் இல்லை. அதற்கு மறுநாள் காலை செல்வராஜ் அண்ணன் அவர் மனைவிக்குப் போன் போட்டார். மனைவி சொன்னதை எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறிய ஜீப் வளைவில் கவிழ்ந்திருக்கிறது. ஓட்டியது முருகேசன். மற்றவர்கள் காயத்தோடு தப்பித்துவிட்டார்கள். செத்துப்போனது முருகேசனின் தம்பி.

செல்வராஜ் அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வருசநாட்டு பஸ் ஒன்பதரைக்கு, டீச்சர். செருப்பை மாட்டிக்கிட்டு வாங்க."

இலவ மரத்தடியில்

பஸ் கடமலைக்குண்டு தாண்டும் வரை நான் என் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஐந்தாவது படிக்கும்போது கட்டப்பனைப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போனவர். இரண்டு பொங்கலுக்கு வந்தார். மூன்றாவது பொங்கலுக்கு வரவில்லை. பிறகு எப்போதுமே வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாது. வராதவர்கள் எல்லோரும் வர விரும்பாதவர்கள் என்று அப்போதே நான் முடிவு கட்டிவிட்டேன். அந்தக் கதைக்குள் நான் கண்டுபிடித்ததாக நினைத்தது, நானே கொண்டுபோய் வைத்தது.

முருகேசன் வீட்டுக்குப் பின்னால் இலவ மரத்தடியில் உட்கார்ந்து காய் உடைத்துக்கொண்டிருந்தார். தலையிலும் மீசையிலும் பஞ்சு. அவர் மனைவி பேச்சியம்மாள் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். "இன்னும் குடிக்கலை. ஆனா வந்ததுலேருந்து பேசவும் இல்லை" என்றார். நான் தரையிலேயே உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

அவரே ஆரம்பித்தார். "டீச்சர், அந்தக் கதையில அண்ணன் ஏன் வரலைன்னு எழுதியிருக்கா?"

"இல்லை."

"எழுதினவரே சொல்லாததை நீங்க எப்பிடிச் சொன்னீக?"

நான் உண்மையைச் சொன்னேன். என் அப்பா போனதையும், வராததையும், அதனால் அந்த அண்ணன்மேல் எனக்கு வந்த கோபத்தையும். என் கணவரைத் தவிர வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. "உங்களைப் பத்தித் தெரியாம பேசிட்டேன். தெரியாட்டியும் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்க" என்றேன். முருகேசன் மடியிலிருந்த காயை உடைத்து, பஞ்சைக் கூடையில் போட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"திங்கக்கெழமை வர்றேன் டீச்சர். கதையை நீங்களே படிங்க. அர்த்தம் மட்டும் சொல்லாதீக."

அதே கதை, இன்னொரு தடவை

திங்கட்கிழமை வந்தார். இரண்டு வாரம் கழித்து, வீட்டு ஆட்களும் வந்து உட்காரும் சனிக்கிழமையில், அதே கதையைப் படிக்கச் சொல்லி அவரே கேட்டார். படித்தேன். படித்து முடித்ததும் தாளை மடியில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அண்ணனுக்குத் தூக்கம்" என்றார் முருகேசன். "அக்கரையில ஏறினதும் அசந்துட்டான். ரெண்டு நிமிசம். அம்புட்டுத்தான்." நிறுத்தினார். யாரும் கேள்வி கேட்கவில்லை. பேச்சியம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் குடிக்கலை. முந்தின நாள் மூணு நடை மலைக்குப் போயிட்டு வந்திருந்தேன். விடியிறதுக்கு முன்னே மறுபடி வண்டியை எடுத்தேன். வளைவுல கண்ணு சொருகிருச்சு. தம்பி முன் சீட்டுல இருந்தான். கேஸு விபத்துன்னு முடிஞ்சுபோச்சு. ஊருக்குள்ளதான் குடிச்சுட்டு ஓட்டிட்டான்னு பேசுனாக. நானும் ஆமான்னுட்டேன். குடிச்சிருந்தா அது குடி செஞ்சது. குடிக்காம இருந்தா அது நான் செஞ்சதுல்ல? பெறகு அதை நெசமாக்கணும்னே குடிச்சேன்."

அவர் அழவில்லை. அழுதது செல்வராஜ் அண்ணன். பேச்சியம்மாள் எழுந்து கணவருக்கு எதிரில் வந்து நின்றார். பதினொரு வருஷம் ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து, ஊர் சொன்னதை நம்பி அவரோடு சண்டை போட்டவர். அடிப்பாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பேச்சியம்மாள் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு ஓடக்காரன் வேண்டியிருந்துச்சா? பக்கத்துல நான் ஒருத்தி உக்காந்திருந்தேனே, எங்கிட்டச் சொல்ல மாட்டீகளா?"

முருகேசன் ஒன்றரை மாதம் முடித்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் தம்பி நினைவு நாளன்று ஒருமுறை குடித்துவிட்டார். மறுநாள் யாரும் கூப்பிடாமலேயே பஸ் ஏறி எங்களிடம் வந்தார். அதன்பிறகு குடிக்கவில்லை. வளைவுகளைப் பார்க்க முடியவில்லை என்று ஜீப்பை விட்டுவிட்டார். இப்போது மனைவியோடு இலவங்காய், முருங்கை என்று தோட்ட வேலை.

என் பங்குக்கு நானும் ஒன்று கற்றுக்கொண்டேன்: கதையைப் படித்து முடித்த பிறகு ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு நாலு வருஷம் பிடித்தது, இன்னும் மூன்றாவது நிமிஷத்தில் நாக்கு அரிக்கத்தான் செய்கிறது.