தம்பி விஷம் வைத்ததாக நான் நினைத்த கோழிகள்

காலையில் கூண்டுக்குள் மறுபடியும் ஒரு குவியல் இறகு. இறந்துபோன என் மனைவி வளர்த்த ஆறு கோழிகளும் மொட்டையாகிக்கொண்டு வருகின்றன. முட்டையும் நின்றுவிட்டது.

பக்கத்து மனையில் இருக்கும் தம்பிதான் விஷம் வைக்கிறான் என்று முடிவுகட்டினேன். போலீஸில் கொடுக்கச் சான்று வாங்கலாம் என்று, ஒரு கோழியோடு நன்னிலம் கால்நடை மருந்தகத்துக்கு பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா கோழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விஷமும் இல்ல, நோயும் இல்ல சார். மிரண்டுபோன கோழிக்கு உடம்பைக் காப்பாத்திக்கறதே பெரும்பாடு. முட்டையை நிறுத்திட்டு இறகைக் கொட்டிடும். இடம் மாத்தினீங்களா?"

"போன மாசம் சர்வேயர் வந்து எங்க ரெண்டு பேர் மனையையும் அளந்து எல்லைக் கல்லு நட்டாரு. கூண்டு தம்பி பக்கம் போயிடுச்சு. அன்னைக்கே தூக்கிட்டு வந்து, காவலுக்கு நாயையும் பக்கத்துல கட்டினேன்."

"தம்பி எடுக்கச் சொன்னாரா?"

"இல்ல. 'அண்ணி வச்ச இடம், இருந்துட்டுப் போகட்டும்ணே'ன்னான்."

"அப்புறம் ஏன் சார்?"

கோழியைக் கூடையில் வைத்தேன்.

"நாயை வேற பக்கம் கொண்டுபோய்க் கட்டுங்க. கூண்டைப் பழைய இடத்துலயே வைங்க. இறகு முளைச்சிடும்."

தம்பியோடு பேசி ஒரு மாதமாகிறது. முதல் வார்த்தையாக என்ன சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு அவசரமில்லை, கோழிகளுக்குத்தான்.