வெள்ளை எலிக்குப் போட்ட பஞ்சு மெத்தை

பிள்ளைகளே, உங்களில் சிலர் இப்போது ஹாம்ஸ்டர் வளர்க்கிறீர்கள். அதற்கென்றே கூண்டு, சக்கரம், தண்ணீர்ப் புட்டி எல்லாம் கடையில் கிடைக்கின்றன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அதெல்லாம் கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது வெள்ளை எலி. ஆடித் தேர் பார்க்கப் போன இடத்தில் ஒருவர் கூண்டுகளோடு உட்கார்ந்திருந்தார். என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. ஒரு ஜோடி எலியைப் பார்த்தவள், தேரையும் பார்க்கவில்லை, அந்த இடத்தை விட்டு நகரவும் இல்லை. வாங்கிக் கொடுத்தேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எலி வாங்கியதைச் சொன்னதும் என் ஷிப்டுக் கூட்டாளி சிரித்தான்.

“ஏலே, ராசபாளையத்துல அவனவன் வேட்டை நாய் வளக்கான். நீ எலி வளக்கியா? வீட்டுக் காவலுக்கா?”

“ஆமாலே, உன்னைய மாதிரி ஆளு வந்தா கடிக்கதுக்கு” என்றேன்.

முதலில் பழைய கிளிக்கூண்டில்தான் விட்டோம். செத்த நேரத்தில் ஆண் எலி கம்பிக்கு நடுவே புகுந்து வெளியே வந்து, அரிசிப் பானை மேல் உட்கார்ந்திருந்தது. பிறகு ஒரு பழப் பெட்டியை வாங்கி, முன்பக்கம் பொடிக்கண் கம்பி வலை அடித்தேன். உள்ளே மணல் பரப்பினேன். எறும்பு ஏறாமல் இருக்க, பெட்டியை முக்காலி மேல் வைத்து, முக்காலியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்தினேன். வெயில் விழாத சுவரோரம் இடம் பார்த்தோம். தண்ணீருக்கு என்ன வைத்தாலும் கவிழ்த்துவிடும். கடைசியில் ஊறுகாய் ஜாடியின் கனமான பீங்கான் மூடியைத் திருப்பி வைத்தோம். அது கவிழவில்லை. ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டிவிட்டு, “இந்த வீட்ல எனக்குன்னு ஒரு மூடி கூட இல்லை” என்றாள் என் மனைவி.

படுக்கைக்கு என்ன போடுவது என்று யாரும் யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கம் தலையணையும் பஞ்சு, காயத்துக்கும் பஞ்சு, விளக்குத் திரியும் பஞ்சு. மில்லில் மிஷின் துடைக்கிற கழிவுப் பஞ்சைக் கேட்டு வாங்கி வந்தேன். அதில் நூல் துணுக்குகளும் கிடக்கும். பக்கத்து வீட்டு அக்கா பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்த்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவரும் ஒரு கை பஞ்சு கொண்டுவந்தார்.

“எலுக்காவுக்கு இல்லாத மெத்தையா? நல்லா போடு தாயி, ராணி மாதிரி தூங்கட்டும்” என்றார் மகளிடம்.

எலியைத் தெலுங்கில் அவர் அப்படிச் சொல்வார். அன்றிலிருந்து பெண் எலிக்கு எங்கள் வீட்டில் அதுவே பெயர். எலுக்கா அந்தப் பஞ்சைப் பந்தாகச் சுருட்டி, நடுவில் குழி பறித்து, அதற்குள் குட்டி போட்டது. தோல் உரித்த நிலக்கடலை போல இருந்தன. ஆணை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டோம். குட்டிகளின் மேல் வேற்று வாடை பட்டால் தாயே தின்றுவிடும் என்று கூண்டுக்காரர் சொல்லியிருந்தார். அதனால் மகள் யாரையும் கூண்டுக்குள் கை விட விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொரிகடலை போடப் போனவள் ஓடிவந்தாள்.

“அப்பா, எலுக்கா நொண்டுது.”

போய்ப் பார்த்தேன். பின்னங்காலில் நூல் இறுகச் சுற்றியிருந்தது. பாதம் வீங்கி நாவல் பழ நிறமாகிவிட்டது. அது நகர்ந்தால் கூட்டுப் பஞ்சு முழுவதும் கூடவே இழுபட்டது. குட்டிகள் மணலில் உருண்டன.

“கை வச்சா குட்டியத் தின்னுருமாப்பா?” என்று கேட்டாள் மகள். எனக்கும் அதே பயம்தான். விட்டால் கால் போகும், தொட்டால் குட்டி போகும்.

மனைவிதான் சொன்னாள்: “கால் அழுகுனா அது தீனி எடுக்காது. தீனி எடுக்காட்டி பால் ஏது? பொறவு குட்டி மட்டும் எப்படிப் பொழைக்கும்? ஊசியும் பிளேடும் எடுங்க.”

வெங்காயம் அரிந்த கையை, சோப்பு வாடையும் ஒட்டக்கூடாது என்று வெறும் தண்ணீரில் கழுவி, கூண்டு மணலையே இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டாள். எலுக்காவைத் துண்டில் சுற்றி, கால் மட்டும் வெளியே தெரியப் பிடித்தாள். நான் அவசரத்தில் நூல் நுனியைப் பிடித்து இழுத்தேன். கீச்சென்று கத்தியது.

“இழுக்காதீங்க! மில்லுல ரோலர்ல சுத்துனா இப்படித்தான் பிய்ப்பீகளா?”

அப்போதுதான் எனக்குக் கை வந்தது. ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்வதை நாங்கள் லாப்பிங் என்போம். இழுத்தால் இன்னும் இறுகும். கொக்கியை அடியில் கொடுத்துத் தூக்கி, குறுக்கே வெட்ட வேண்டும், ரோலரில் கீறல் விழக்கூடாது. தினமும் செய்கிற வேலைதான். ஊசியை நூலுக்கு அடியில் மெல்ல நுழைத்துத் தூக்கினேன். தூக்கிய இடத்தில் பிளேடு நுனியை வைத்தேன். ஒவ்வோர் இழையாக விட்டது. ஒரு சொட்டு ரத்தம் வந்தது, அவ்வளவுதான்.

அதற்குள் மகள் பழைய செய்தித்தாளை நாடா நாடாவாகக் கிழித்து வைத்திருந்தாள். மனைவி குட்டிகளைக் கரண்டியால் அதன் மேல் மாற்றி, பழைய மணலைச் சுற்றிலும் தூவினாள். பஞ்சு எல்லாம் வெளியே போனது. நீங்களும் கூண்டுக்குள் பஞ்சு, நூல் எதுவும் போடாதீர்கள். காகிதம் போதும், சுகமாகப் படுக்கும்.

எலுக்காவை உள்ளே விட்டோம். மூலையில் உட்கார்ந்து காலை நக்கியது. பிறகு குட்டிகளிடம் வந்து மோந்து பார்த்தது. ஒன்றை வாயில் கவ்வியது.

“அய்யோ, தின்னுது!” மகள் என் வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“ஏட்டி, கண்ணைத் தொறந்து பாரு. தூக்கிட்டுப் போகுது” என்றாள் மனைவி.

ஒவ்வொன்றாகக் கவ்விக் கொண்டுபோய் மூலையில் போட்டது. எல்லாம் சேர்ந்ததும், காகிதத்தை இழுத்துச் சுற்றிலும் குவித்துவிட்டு, மேலே படுத்துக்கொண்டது. கால் தேற நாளானது. ஒரு விரல் உதிர்ந்தது. ஆனால் அதன் பிறகு நொண்டவில்லை.

அன்று மத்தியானம் எலுக்கா பால் கொடுக்கிறது என்று மகள் எங்களைச் சத்தமில்லாமல் சாப்பிடச் சொன்னாள். அப்பளத்தைக்கூட நொறுக்க விடவில்லை. சாம்பாரில் ஊறப்போட்டுத் தின்றோம்.